வைக்கோல் விழுந்தால் கால் உடையுமா?

1

இன்று காலை வைக்கோல் கொட்டகையில் நானும் என் மகளும் சிரித்த சிரிப்பைக் கேட்டு, முதலாளி காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். எட்டு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன். நான் சத்தமாகச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. எல்லாம் நலம்தானே என்று விசாரித்தார். நலம்தான் என்றேன். அதற்குமேல் விளக்க என் ஆங்கிலம் போதாது. தமிழ் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அயர்லாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறவன். ஊர் திருவொற்றியூர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதினான்கு வயதில் கொருக்குப்பேட்டையில் ஒரு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளச் சேர்ந்தேன். அந்தக் கொட்டகைதான் என்னை வளைகுடா நாட்டுப் பால் பண்ணைக்கு அனுப்பியது, அந்தப் பண்ணைதான் இங்கே அனுப்பியது. மூன்று நாட்டிலும் மாடு ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மனிதர்களிடம் பேசத்தான் எனக்கு எப்போதும் கூச்சம். பேருந்தில் நடத்துனர் சில்லறை கொடுக்க மறந்தால் கேட்காமலே இறங்கிவிடுகிற ஆள் நான்.

இந்தக் கூச்சத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முழுக்க அது குறுக்கே வரும்.

2

கொருக்குப்பேட்டையில் வைக்கோல் என்றால் தலையில் தூக்குகிற சாமான். லாரியில் வந்து இறங்கும். கயிறு போட்டுக் கட்டி, தலையில் ஏற்றி, தண்டவாளத்தைத் தாண்டிக் கொட்டகைக்கு ஓடுவோம். கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் கட்டைக் கீழே போட்டு அதன்மேலேயே படுத்துக் கொள்வோம். தலையணைக்குத் தலையணை, மெத்தைக்கு மெத்தை.

இங்கே வந்த முதல் நாள், பனிமூட்டத்தில் ஒரு வயல் நிறையக் கறுப்பாக, உருண்டையாக என்னவோ கிடந்தது. எண்ணூர்ப் பக்கம் வளர்ந்த கண்ணுக்கு அது எண்ணெய்த் தொட்டிதான். இந்த ஊரிலும் எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது, பரவாயில்லை என்று மனசு கொஞ்சம் சமாதானமானது. மறுநாள் முதலாளி அதில் ஒன்றைக் கத்தியால் கிழித்தார். உள்ளே புல்!

புல்லை அறுத்து, காயவைத்து, இயந்திரத்தில் சுருட்டி, வலை சுற்றி உருளையாக்கிவிடுகிறார்கள். ஈரப்புல் என்றால் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றுவார்கள், அது அரை டன்னுக்கு மேல் இருக்கும். காய்ந்தது, அதாவது என் பாஷையில் வைக்கோல், அதில் பாதி. நின்றால் என் மார்பு உயரம். இதைத் தலையில் தூக்க நினைத்தால் தலைதான் போகும். டிராக்டரின் முன்னால் ஈட்டி மாதிரி இரண்டு கம்பி இருக்கிறது. அதில் குத்தித்தான் தூக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும், வந்து இரண்டாம் வருடம், நான் கொருக்குப்பேட்டைக்காரனாகவே நடந்துகொண்டேன். அன்று டிராக்டர் பழுது. மாடுகள் கத்துகின்றன. கொட்டகையில் உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. ஊரில் என்ன செய்வோம்? குவியலின் அடியிலிருந்து பிடுங்குவோம். மேலே இருப்பது மெதுவாகச் சரிந்து காலடியில் வந்து உட்காரும். அதையே செய்தேன். அடி உருளையின் வலையை அறுத்து, கை கையாகப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். அடி உருளை இளைத்தது. மேல் உருளை இறங்கி வந்தது. மெதுவாக வரவில்லை.

இடது கால், முழங்காலுக்குக் கீழே, இரண்டு இடத்தில் உடைந்தது.

3

சரியாகப் பதினைந்து நாள் கழித்து என் தங்கை அமுதாவின் கல்யாணம்.

எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்கு இருப்பது நான் ஒருவன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் மாட்டி, மேடைக்கு அழைத்து வர வேண்டியது பெண்ணின் அண்ணன். அந்த அண்ணன் அயர்லாந்தில் தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் பாபு நின்றான்.

தொலைபேசியில் அமுதாவிடம் சொன்னேன். "வைக்கோல் வுழுந்து கால் ஒடஞ்சிடுச்சும்மா."

"இன்னா வுழுந்து?" என்று கேட்டாள்.

"வைக்கோலு."

வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அமுதா அதைத் தெருவில் ஆங்கிலம் படித்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அவர் நிதானமாகப் படித்து, "ஆமாம்மா, வைக்கோல்னுதான் போட்டிருக்கு" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இங்கே வரைக்கும் கேட்டிருக்கும். அதோடு என் பெயர் போயிற்று. ஊரில் எனக்கு 'வைக்கோலு' என்று பெயர்.

வயலில் உருளைகள் கிடக்கிற படங்கள் அனுப்பினேன். தார் டிரம் என்றான் பாபு. படம் எடுப்பவன் நான். அதனால் எந்தப் படத்திலும் நான் இல்லை. பக்கத்தில் ஆள் நிற்காத படத்தில் உருளை எவ்வளவு பெரிது என்று யாருக்குத் தெரியும்? யாரையாவது கூப்பிட்டு, என்னை ஒரு படம் எடுங்கள் என்று கேட்கலாம்தான். கேட்டால் நான் நானில்லையே.

என் மனைவி மல்லிகா பண்ணைப் பக்கமே வராதவள், அவள் சொன்னாலும் புருஷனுக்காகச் சொல்கிறாள் என்பார்கள். என் மகள் பவித்ரா எடுத்திருக்கலாம். விபத்தின்போது அவளுக்கு ஏழு வயது, கொட்டகையில் என்னோடு இருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் அவள் கால் வைத்ததில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. பிறகு பேச்சே குறைந்துபோயிற்று. இப்போது பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவள் அம்மா மல்லிகா கேட்டால் தோளைக் குலுக்குவாள். குடியுரிமை விண்ணப்பத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு கட்டம் இருந்திருந்தால், மூன்று பேரும் மூன்று விதமாக எழுதியிருப்போம்.

4

இந்த வருடம் அமுதாவின் மகள் மோனிக்குக் காதுகுத்து. மூன்று வயது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். நான் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் சொன்னேன். அமுதா, "வா" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணுண்ணா. கல்யாணத்துல யாரு நின்னானோ அவனே மடியிலயும் வெச்சிக்கட்டும். பாபுகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

மாமன் நான் இருக்கும்போதே மடி மட்டும் பாபுவுடையது. மல்லிகாவிடம் சொன்னபோது, "நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா சரியாப் பூடும்" என்றாள். வாயைத் திறப்பதற்குப் பதில் நான் ஒரு பொம்மைப் பண்ணை வாங்கினேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பழைய சாமான் விற்பார்கள். அங்கே ஒரு பாட்டியிடம் ஒரு டிராக்டரும், கையில் வைக்கோல் அள்ளும் கவை பிடித்த ஒரு பண்ணையாள் பொம்மையும் கிடைத்தன. டிராக்டரின் வயிற்றில் சின்னதாக ஏதோ எண் பொறித்திருந்தது. பவி கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று அர்த்தம் என்றாள், ஆங்கிலத்தில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர் மொத்தத்துக்கும் ஒரே நிமிடத்தில் காட்டிவிடலாம்! இதோ ஆள், இதோ வைக்கோல், நீயே பார்த்துக்கொள்.

பாட்டியிடம் உருளை இல்லை. நாலு கார் தள்ளி ஒருவரிடம் ஒரு பை நிறைய எட்டு உருளைகள் இருந்தன. பையைப் பிரித்து, டிராக்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். அவர் முன்னால் பிரிக்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னை விமான நிலையத்தில் அந்தப் பையை ஒரு அதிகாரி வெளியே எடுத்து, "இது என்னங்க?" என்றார். வைக்கோல் என்றேன். செடி, விதை கொண்டு வரக்கூடாது என்றார். பொம்மை வைக்கோல் என்றேன். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். தன் பக்கத்து ஆளிடம் கொடுத்தார், அவரும் மோந்து பார்த்தார். பிளாஸ்டிக் என்று இருவரும் ஒருமனதாக முடிவுசெய்து, என்னை ஒரு மாதிரி பார்த்து அனுப்பினார்கள். பவி பத்தடி தள்ளிப் போய், எங்களோடு வராதவள் மாதிரி நின்றுகொண்டாள்.

5

காத்திவாக்கத்தில் மல்லிகாவின் அம்மா வீட்டில் தங்கினோம். காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிறு மதியம் திருவொற்றியூரில் அமுதா வீட்டில் சாப்பாடு. இறால் தொக்கு. சாப்பிட்டு முடித்ததும் கூடத்து மொசைக் தரையில் பண்ணையை விரித்தேன்.

அமுதாவின் புருஷன் தாமு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். பாபு முழங்காலிட்டுக் குனிந்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவன். அவன் குரலுக்குக் கூடம் போதாது. அமுதா சமையலறை வாசலில் தட்டைத் துடைத்தபடி நின்றாள். பவி மூலையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாபு ஓர் உருளையை இரண்டு விரலால் எடுத்தான். "இதான் அந்த வைக்கோலா அண்ணாத்த?"

"பொம்மைடா."

"அது தெரிது. ஆனா இந்த ஆளு பக்கத்துல வெச்சிப் பாப்போம்." வைத்தான். பண்ணையாளின் முட்டிக்குச் சற்று மேலே வந்தது. பாபுவின் முகம் மலர்ந்தது. "தாமு, இங்க பாரேன். நம்ம அண்ணாத்த போன்ல இன்னா சொல்லிகினு இருந்தாரு? மாரு ஒசரம். இங்க இன்னா கீது? முட்டி ஒசரம்!"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐயாயிரம் மைல் தூக்கிக்கொண்டு வந்தும் ஒரு தடவைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"பொம்மையில அப்படித் தெரியுது. நெஜத்துல அளந்து காட்டறேன்" என்றேன். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "கயிறு ஒண்ணு குடும்மா."

முப்பத்திரண்டால் பெருக்க எனக்கு வராது. ஆனால் கயிறு வரும். கொட்டகையில் மாடுகளுக்குக் கழுத்துக்கயிறு வெட்ட, யானைக்கவுனியிலிருந்து கயிற்றுச் சுருள் வாங்கி வருவோம். அதை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே போவோம். ஐந்து முறை மடித்து வெட்டினால் முப்பத்திரண்டு துண்டு. அப்படியானால் பொம்மையின் அளவை ஐந்து முறை இரட்டித்தால் நிஜம் வந்துவிட வேண்டும். உருளையின் உயரத்துக்குக் கயிற்றைப் பிடித்தேன். முக்கால் அங்குலம். ஒரு தடவை இரட்டித்தேன். இரண்டு. மூன்று. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நாலு. ஐந்து.

பாபு கயிற்றை வாங்கி என் காலோடு சேர்த்து நிறுத்தினான். இரண்டு அடி. முட்டிக்குச் சற்று மேலே.

"அய்ய!" என்றான் பாபு. சிரிப்பில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "ஒன் பொம்ம, ஒன் கயிறு, ஒன் கை! நீயே அளந்து, நீயே மாட்டிகினியே அண்ணாத்த! தலகாணி வுழுந்து கால் ஒடஞ்ச மொத ஆளு ஒலகத்துலயே நீதான்!"

"வுடு பாபு" என்றார் தாமு, ஆனால் அவரும் சிரித்தார். மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன். என்ன செய்வது, சிரிப்பாகத்தான் இருந்தது.

அமுதா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, "வர இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிக்கலாம் அண்ணா. வைக்கோலு மேல இன்னாத்துக்குப் பழி?" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. டிராக்டரை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.

"சித்தப்பா, அந்தக் கயித்த இப்பிடிக் குடு."

யார் என்று எல்லோரும் திரும்பினோம். பவி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். ஊருக்கு வந்து பத்து நாளில் அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. அதுவும் எங்க ஊர்த் தமிழ்! அவள் அம்மா அடுப்படியில் தனக்குத்தானே பேசுகிறதை எல்லாம் பிடித்து வைத்திருக்கிறாள் போல.

பண்ணையாளை எடுத்தாள். அவன் உயரத்துக்குக் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு அங்குலம். ஐந்து முறை இரட்டித்தாள். "அப்பா, நேரா நில்லு" என்று என் பாதத்திலிருந்து கயிற்றைப் பிடித்தாள். கயிறு என் உச்சந்தலையில் வந்து சரியாக நின்றது. நான் ஐந்தடி நாலு அங்குலம்.

"ஆளு கரீட்டா கீறான்" என்றாள் பவி. "டிராக்டரும் கரீட்டுதான். வைக்கோலு வேற பொட்டிது. வேற கடையில வாங்கினாரு. அப்பா, வல அறுக்கச்சொல்லோ கைய எங்க வெப்ப?"

யோசிக்காமலே கை மார்புக்கு உயர்ந்தது. எட்டு வருடப் பழக்கம். தரையிலிருந்து என் கை வரைக்கும் கயிற்றை அளந்து, அதை ஐந்து முறை மடித்தாள். மடித்த துண்டை உருளையின் பக்கத்தில் வைத்தாள். சரியாக இரண்டு உருளை உயரம்.

"பாத்தியா? இது பாதி சைசு பொம்ம. நெஜத்துல இதுக்கு ரெண்டு பங்கு."

"கயிறு நல்லாத்தான் கீது" என்றான் பாபு. ஏலக்காரன் அவ்வளவு சுலபத்தில் விடுவானா? "ஆனா மாரு ஒசரம்னு ஒங்கப்பா கைதானே சொல்லுது? கை இன்னாத்த வேணா சொல்லும்."

பவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மோனி டிராக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

தெருவில் கழிவுநீர் வேலைக்காகக் கொண்டுவந்து போட்ட சிமெண்டுக் குழாய்கள் மாசக்கணக்கில் கிடந்தன. அதில் துணி காயும், பூனை தூங்கும், பாபு தினமும் வண்டியை இடித்துக்கொண்டு திட்டுவான். பவி அதில் ஒரு துண்டுக் குழாயின் பக்கத்தில் போய் நின்று கையால் தட்டினாள்.

"இவ்ளோ. ஒசரமும் இதான், அகலமும் இதான். உள்ள ஓட்ட கெடையாது, நெறைய இறுக்கி அடச்சிருக்கும். இந்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு."

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் மார்புக்கு வந்தது. தாமு குழாயின் மேல் கை வைத்து மெதுவாக நடந்து ஒரு சுற்று வந்தார். துறைமுகத்திலிருந்து இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றி வருகிறவர் அவர். உருண்டையான சாமான் உருண்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கீழ கட்ட வெச்சிருந்தாங்களா மச்சான்?"

"வெச்சிருந்தாங்க. நான்தான் அடியில பிடுங்கிட்டேன்."

"யப்பா!" என்றார் தாமு. "காலோட போச்சே. கும்புடு சாமிய."

பாபு தானும் குழாயின் மேல் ஒரு தடவை தட்டிப் பார்த்தான்.

அமுதா இன்னும் வாசல்படியிலேயே நின்றிருந்தாள். பவி அவளிடம் போனாள்.

"அத்த, நான் அங்கதான் இருந்தேன்." என் பக்கம் கை காட்டினாள். "அப்பா கத்தவே இல்ல. அது மேல கெடக்குது, அவரு சொம்மா படுத்துகினு கீறாரு. நான் முதலாளிய இட்டாரேன்னு ஓடறேன். வேணாம் பவி, அவரு நாஷ்டா துண்ற நேரம், தொந்தரவு பண்ணாதன்றாரு."

அமுதா அவளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக ஆஸ்பத்திரிக் கடிதம் செய்யாததை, படங்கள் செய்யாததை, அந்த ஒரு வரி செய்துவிட்டது. அவள் அண்ணன் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் தப்பான புத்தகம் கொடுத்தபோது, மாற்றித் தரச் சொல்லி வாத்தியாரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வருடம் முழுக்க அதையே படிக்கச் சொன்னவன் நான்.

அமுதா படியிறங்கி வந்தாள். குழாயின் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் தோளுக்கு வந்தது.

"எந்தக் காலு?"

இடது பக்கம் கைலியைத் தூக்கிக் காட்டினேன். தெருவில் நின்று காலைக் காட்டுவது எனக்குப் பெரிய வெட்கம். ஆனாலும் காட்டினேன். குனிந்து தழும்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது. உடனே நிமிர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதட்டலாகச் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம சீக்கிரமா எந்திரி. பழைய வேட்டி கட்டிக்க. இவ மடிய நனைச்சிருவா."

"அப்போ நானு?" என்றான் பாபு. "நானு பட்டு வேட்டி எடுத்துட்டேனே!"

"கட்டிகினு வந்து நில்லு. ஒன்னிய யாரு வேணான்னா?"

"அப்பாடா" என்றான் பாபு. குழாயைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான். "அந்தப் பட்டுல மோனி ஒண்ணுக்குப் போயிருந்தா என் பொண்டாட்டி என்னிய வூட்டாண்ட சேத்திருக்க மாட்டா!"

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவென்று கேட்டு வெளியே வந்தார்கள். பாபு ஏலம் கூவுகிற குரலில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, குழாயின் பக்கத்தில் நிறுத்தி, "எங்க அண்ணன் மேல வுழுந்த வைக்கோலு, பாத்துக்கோ" என்று காட்டினான். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அந்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

6

காதுகுத்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மோனி என் மடியில் உட்கார்ந்தாள். முதல் காது குத்தும்வரை சர்க்கரை மிட்டாய் சாப்பிட்டாள். குத்தியதும், மிகச் சரியாக, என் இடது முழங்காலுக்குக் கீழே உடைந்த இடத்தைப் பார்த்து உதைத்தாள். நான் கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்துப் பேர் நடுவில் கத்தினேன். அமுதா சொன்னது போலவே வேட்டியும் நனைந்தது. பாபு பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றான். இரண்டாவது காதுக்கு மோனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் மூக்குச்சளி என் தோளில் காய்ந்து ஒட்டியிருந்தது. நாள் முழுக்க நான் அதைத் துடைக்கவில்லை.

பொம்மை டிராக்டரையும் ஆளையும் மோனியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அளவு தப்பிய உருளைகளைப் பவி தன் பையில் போட்டுக்கொண்டாள்.

7

இப்போது இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலை ஐந்தரைக்குப் பால் கறவை, பிறகு தீனி. உடைந்த கால் குளிரில் வலிக்கிறது, பழகிப்போயிற்று. வேலை அட்டை புதுப்பிக்க அடுத்த மாதம் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் பெண்மணி ஒவ்வொரு தடவையும் என் பெயரை ஒவ்வொரு விதமாகக் கூப்பிடுவார், எல்லாவற்றுக்கும் நான் எழுந்து நிற்பேன்.

நேற்று அமுதாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று ஒரு வழியாகக் குழாய்களை மண்ணில் இறக்கிவிட்டார்களாம். பள்ளத்தின் ஓரத்தில் நின்று மோனி ஒரே அழுகை. மாமாவின் வைக்கோலைப் புதைத்துவிட்டார்களாம். "இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா, அண்ணா. வேற வைக்கோலு இருக்கான்னு கேக்கறா."

நான் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பவி மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறாள்.

இன்று பள்ளி விடுமுறை. காலை தீனி நேரத்தில் கொட்டகை வாசலில் அவள் ரப்பர் பூட்சோடு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிட எனக்கு வராது. ஒரு உருளையை மட்டும் டிராக்டரால் தனியாக இறக்கி, இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். அசைத்துக் காட்டினேன், அசையவில்லை. மேலே ஒன்றும் இல்லை என்று கையால் மேலே காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. உருளையை ஒரு விரலால் குத்திப் பார்த்தாள்.

"பக்கத்துல நில்லுப்பா" என்றாள், கைபேசியைத் தூக்கிக்கொண்டு. "கைய மாருல வெய்யி. அப்பதான் அளவு தெரியும். சிரி. அய்ய, அப்பிடி இல்ல."

எடுத்தாள். என் மார்பு உயர வைக்கோலும் நானும், எட்டு வருடத்தில் முதல் படம். உடனே அமுதாவுக்கு அனுப்பினாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. பவி சத்தத்தைக் கூட்டி, கைபேசியை இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

மோனியின் குரல். வாயில் சோறு.

"மாமா, இது சின்னதாக்கீது. என் கையிலயே அடங்குது."